டப்பாவுக்குள்ளும் சினை மீன்

நேற்றுப் பெய்த புது மழைக்கு எங்கள் ஓடையில் மீன் ஏறியிருக்கிறது. இன்று காலை எங்கள் வீட்டு வேலைக்கு வரும் வெள்ளையம்மா குடத்துத் தண்ணீரில் ஐந்து மீன்களை உயிரோடு விற்கக் கொண்டுவந்தாள். முன்பெல்லாம் கூடை கூடையாக வரும். இப்போது ஐந்து, அத்தனையும் சினை.

"முட்டை போட வர்றதைப் பிடிச்சா அடுத்த வருஷம் ஓடையில என்ன இருக்கும்? கொண்டுபோய் விட்டுட்டு வா" என்றேன். கான்வென்ட்டில் கன்னியாஸ்திரீகள் எங்களை அதட்டிய அதே குரலில்தான். முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

யுத்தம் முடிந்து, சேலத்தில் மறுபடியும் டப்பாவில் அடைத்த மத்தி மீன் கிடைக்கிறது. நாங்கள் இறைச்சி தொடாத வெள்ளிக்கிழமைக்கென்று வைத்திருந்ததைத் திறந்து, எண்ணெய் சொட்டச் சொட்ட ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் கணவர் காலமான பிறகு எனக்கு மிஞ்சிய ஒரே ஆடம்பரம் இது.

வெறுங்குடத்தோடு திரும்பிய வெள்ளையம்மா என் தட்டைக் குனிந்து பார்த்தாள்.

"ஏனுங்கம்மா, இதுக்கும் வகுத்துல சினைதானுங்களே? கடல்ல மட்டும் புள்ளத்தாச்சியப் பிடிக்கலாமுங்களா?"

பார்த்தேன். ஒவ்வொரு மீனிலும் சினை. அந்த ருசியைத்தான் இத்தனை நேரம் மெச்சிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"கடல் ரொம்பப் பெரிசு, வெள்ளையம்மா."

"எங்கய்யனும் இந்த ஓடையப் பாத்து அப்படித்தானுங்க சொன்னாரு."

ஒரு துண்டு அவளுக்கு வைத்தேன். "நல்லாத்தானுங்க இருக்குது" என்று தின்றாள். அடுத்த மழைக்கு அவள் மீன் பிடிக்கப் போவாள். தடுக்க எனக்கு வாய் வராது.

கடலில் மீன் வற்றாது என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் இதைப் படிக்கும் உங்களில் யாராவது இருந்தால் உடனே எழுதுங்கள். அடுத்த டப்பாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்.