நாமக்கோழிகளுக்கு நடுவே நின்றவர்

என் பெயர் அபிநயா. வெண்ணந்தூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். கதை கட்டும் பழக்கம் எனக்கில்லை. போன ஐப்பசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் எழுதிய பறவைக் கணக்குத்தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒன்பதாவது வரியில் எழுத்து பாதியில் நிற்கும். அந்த நேரத்தில்தான் இது நடந்தது.

வலசை வந்த நீர்ப்பறவைகளை எண்ணுவதற்காகக் காலை 5.50க்கே புளியங்காட்டு ஏரிக்குப் போய்விட்டேன். மழையில் ஏரி நிறைந்திருந்தது. தொலைநோக்கியை நிறுத்தி, முக்குளிப்பான் இருபத்திரண்டு, நீர்க்காகம் ஒன்பது என்று எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"ஏஞ்சாமி, அந்தக் கண்ணாடில தூரத்து ஆளு தெரியுமா?"

நாற்பது வயதிருக்கும். பெயர் ராசாத்தி. ஏரிக்குப் பக்கத்துச் சோளக்காட்டில்தான் வீடு. வெள்ளிக்கிழமை மீன் வலை போடப் போன கணவர் பொன்னன் திரும்பவே இல்லையாம். போலீசில் சொல்லிவிட்டு, ராசாத்தி அக்காவும் கரை கரையாகத் தேடிக்கொண்டிருந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"நீலச் சட்டை சாமி. தலையில செவப்புத் துண்டு. கொஞ்சம் பாத்துச் சொல்லு."

6.32. தொலைநோக்கியை மெல்லத் திருப்பினேன். ஏரியின் நடுவில், நெற்றியில் வெள்ளை நாமமிட்ட கறுப்பு நாமக்கோழிகள் கூட்டமாக மிதந்தன. பழக்கத்தில் பத்துப் பத்தாக எண்ணிக்கொண்டே போனேன். நூற்றிருபது… நூற்று முப்பது…

அங்கே ஒருவர் நின்றார்.

நீலச் சட்டை. சிவப்புத் துண்டு. முழங்கால் அளவு தண்ணீர். முதுகு எங்கள் பக்கம்.

"அக்கா, நிக்கறாருக்கா. நல்லாத்தான் இருக்காரு."

அதை நான் சொல்லியிருக்கக் கூடாது.

ராசாத்தி அக்கா அழுதுகொண்டே தொலைநோக்கியில் குனிந்து பார்த்தார். நான் எண்ணிக்கையை எழுதப் போனேன். அப்போதுதான் உறைத்தது. ஆள் நடமாட்டம் தெரிந்தாலே விலகி ஓடுகிற பறவைகள். நின்றவரின் கால்களை உரசிக்கொண்டு மிதந்தனவே…

தண்ணீரில் ஒரு சின்ன அலைகூட இல்லையே…

"திரும்பிட்டாரு சாமி. என்னயத்தான் பாக்கறாரு."

வெறுங்கண்ணால் பார்த்தேன். கறுப்பாகப் பறவைகள் மட்டும்.

"கூப்படறாரு."

எனக்கு எதுவும் கேட்கவில்லை.

"இதா வாரேனுங்க…"

சளக்… சளக்…

பின்னாலேயே ஓடி, இடுப்பளவுத் தண்ணீரில் அக்காவின் கையைப் பிடித்துவிட்டேன். திமிறினார். இழுத்துக் கரையில் போட்டேன்.

"ஏஞ்சாமி புடிச்ச?"



தீயணைப்பு வண்டியை வரவழைத்தேன். 11.40க்குப் பொன்னனைத் தூக்கினார்கள். நாமக்கோழிகள் மிதந்த அதே இடம். நீலச் சட்டை. காலில் வலை சுற்றியிருந்தது. இறந்து இரண்டு நாளாகிவிட்டது என்றார் போலீசோடு வந்த டாக்டர்.

"காலையில நின்னுட்டிருந்தாருங்க" என்றேன்.

தண்ணீரில் இறங்கித் தேடிய தீயணைப்பு வீரர் என்னை ஒருமாதிரி பார்த்தார். "அங்க யாரும் நிக்க முடியாதுங்க. மண்ணெடுத்த குழி. இருபதடி ஆழம். நீங்க அந்தம்மாவப் புடிச்ச எடத்துலருந்து ரெண்டே எட்டுல ஆரம்பிக்குது."

ஒரு மாதம் கழித்து ராசாத்தி அக்கா கடைக்கு வந்தார், தூக்கமே வருவதில்லை என்று. மனசு கேட்காமல் அந்தக் குழியைப் பற்றிச் சொன்னேன்.

"தெரியுஞ்சாமி," என்றார். "அதுக்கு மேலதான அவரு நின்னாரு."