அக்கா பெயரில் பதினோரு லேப்டாப்

அவனியாபுரம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளராக இருக்கிறேன். லேப்டாப், புரொஜெக்டர் எல்லாம் யார் பொறுப்பில் இருக்கின்றன என்று பதிந்துவைக்க அங்கே ஒரு சாஃப்ட்வேர் உண்டு. அவரவர் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனால் அவரவர் பக்கம் வரும். மேலே முகவரியின் கடைசியில் நம் ஊழியர் எண் தெரியும். அதை அழித்துவிட்டு வேறொருவர் எண்ணை அடித்தால் அவர் பக்கம் திறந்துகொள்ளும். அவர் பெயரில் பொருளை ஏற்றலாம், இறக்கலாம். வாசலில் நீ யார் என்று கேட்கிற சாஃப்ட்வேர், உள்ளே போனபின் வாயே திறக்காது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், வேலையை விட்டுப் போன ஒரு விரிவுரையாளர். பொருள் எதுவும் பாக்கியில்லை என்று பதிவு காட்டினால்தான் ரிலீவிங் லெட்டர் கிடைக்கும். எதையாவது தொலைத்தவர்கள், அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்காத ஒருவர் பெயருக்குத் தள்ளிவிடுவார்கள். அப்படி இருந்தவர் எங்கள் மாடியைக் கூட்டித் துடைக்கிற அக்கா ஒருவர்தான்.

அக்கா ஓய்வு பெறுகிற மாதம் ஆபீஸில் அவர் பக்கத்தைத் திறந்தார்கள். பதினோரு லேப்டாப். அத்தனையையும் ஒப்படைத்தால்தான் செட்டில்மெண்ட் பணம் என்று சொல்லிவிட்டார்கள்.

அக்கா லேப் வாசலில் வந்து நின்றார். “பாத்திரம் கழுவி வைக்கவே வீட்ல எடமில்ல தம்பி. அம்புட்டையும் நான் எங்கிட்டுக் கொண்டுபோயி வச்சிருப்பேன்?”

பதினொன்றில் ஒன்று என்னுடையது. காளவாசலில் ஷேர் ஆட்டோவிலேயே விட்டுவிட்டு இறங்கியிருந்தேன். அதை அக்கா பெயருக்குத் தள்ளிவிட்ட அன்று மதியம் நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

அன்று சாயங்காலமே பதினொன்றையும் என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். பிறகு மேனேஜரிடம் போய், எண்ணை மாற்றி எப்படி நுழைவது என்று அவருடைய பக்கத்தையே திறந்து காட்டினேன். அத்தனை வருடம் திறந்து கிடந்த ஓட்டையை மறுநாளே அடைத்துவிட்டார்கள். இனி மேனேஜர் மட்டும்தான் பதிவை மாற்ற முடியும். என் பெயரில் ஏறியதை அவர் மாற்றவில்லை. “உனக்கு எதுக்குய்யா இம்புட்டு லேப்டாப்பு?” என்று கேட்டதோடு சரி. சென்னையில் ஒரு வேலைக்கு எழுதிப்போட்டிருந்தேன். பதினொன்று பாக்கியிருக்க ரிலீவிங் லெட்டர் எங்கே கிடைக்கும், அதை மறந்துவிட்டேன்.

அக்காவுக்குச் செட்டில்மெண்ட் வந்துவிட்டது. எல்லாம் என் பெயருக்கு மாறியதை ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள்; கடைசி நாளில் ஒரு பெட்டி மைசூர்பாகோடு வந்தார்.

“இந்த ஆபீசுல என்னைய நம்புனது நீ ஒருத்தன்தான்யா.”

வெட்கமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு வாங்கியிருக்கலாம்.

“அதுல ஒண்ணு நான் தள்ளிவிட்டதுக்கா” என்றேன்.

அக்கா பெட்டியைத் திறந்து ஒரு துண்டை எடுத்துத் தன் டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டார்.

“அப்ப பத்துக்குத்தான் இது” என்று பெட்டியை என் கையில் கொடுத்தார்.

தினமும் சாயங்காலம் “வாரேன் தம்பி” என்று சொல்லிவிட்டுப் போகிறவர். அன்றைக்கு “போறேன்” என்றார்.