ஒற்றைக்கண் சாமி

எழுபதுகளில், புயல் கிளம்பிய ஒரு மாலை. கட்டுமரத்தில் போன அண்ணன் இன்னும் திரும்பவில்லை. ராயபுரம் கடற்கரையில் நானும் அண்ணியும் கடலைப் பார்த்தபடி நின்றோம்.

அருகில் ஒரு மரச்சிலை. துறைமுகத்தில் நின்ற நார்வே கப்பலின் மாலுமி ஒருவர், தன் நாட்டுப் பழைய சாமியைக் கட்டையில் செதுக்கி மணலில் நட்டிருந்தார். ஒரு கண் திறந்திருந்தது; மற்றது வெறும் வடு.

"வேலையை முடிக்காமப் போய்க்கீறான்! ஒத்தக் கண்ணால எம்மாங் கடலைப் பாக்கும்? உளி புடிக்கிறவன்தானே நீ, இன்னொரு கண்ணையும் தொறந்து வுடு நைனா!" என்று அழுதாள் அண்ணி.

படகுத் தச்சன் நான். வடுவின் மேல் உளியை வைத்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டை இறுக்கியது. அந்த மாலுமி! கொன்றுவிடுவார் என்றே நினைத்தேன். அவரோ வடுவைத் தடவி, உடைந்த ஆங்கிலத்தில் மெல்லப் பேசினார்.

"இன்னாவாம்?"

"அறிவு வேணும்னு சாமியே அந்தக் கண்ணைப் புடுங்கிக் குடுத்துச்சாம், அண்ணி."

அண்ணியின் அழுகை நின்றது. "அய்யோ, அதுக்கும் வலிச்சிருக்குமே."

மாலுமி தன் ராந்தலைச் சிலையின் கழுத்தில் மாட்டினார். இருட்டியபின், அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணன் கரையேறினான்.

இன்றும் பயம் வந்தால் என் கை எதையாவது திருத்தத்தான் துடிக்கிறது. உடனே மணிக்கட்டில் அந்தப் பிடி இறுகுகிறது.