வைத்திலிங்கம் சொன்ன ஊர்

வைத்திலிங்கம் புளுகுகிறான் என்று முதலில் சொன்னவன் எங்கள் பிளாக் ராஜேந்திரன். இரண்டாவது ஆள் நான். என்னிடம் ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் நெய்வேலி குவார்ட்டர்ஸில் பாதி ஆயுளை ஓட்டியவனுக்கு, எந்த மாவட்டத்து ஆள் வந்து ஊர்ப் பெயரைச் சொன்னாலும், சொல்லும்போது அவன் கண்ணைப் பார்க்கிற பழக்கம் வந்துவிடும். ஊரை விட்டு வந்தவனுக்கு அந்தப் பெயரைச் சொல்லும்போது கண் கொஞ்சமாவது கலங்கும். இவன் கண் கலங்கவே இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ஆள் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டும் கரியை அள்ளிப் போடுகிறவன். முத்தாண்டிக்குப்பத்தில் ஒரு ரூமில் வாடகைக்கு இருந்தான். யூனிஃபார்ம் பேண்ட்டைச் சிறிசாக்க எங்கள் பிளாக்குக்கு வந்து போனவன், ஒருநாள் சாயங்காலம் பெரியவர்கள் யாருமில்லாமல், பூ பழம் எதுவுமில்லாமல் தனியாக வந்து ராஜேந்திரனிடம் பெண் கேட்டான்.

கேட்டது தனத்தை. ராஜேந்திரனின் ஒரே தங்கை. வராந்தாவில் மிஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறாள். முப்பதைத் தாண்டியாகிவிட்டது. அவளுக்கு மாப்பிள்ளை வராமல் இல்லை. வந்தவர்களை எல்லாம் அண்ணன்காரன் விரட்டினான். ஒருவன் போட்டிருந்த செருப்பு புதுசு, கடன் வாங்கிப் போட்டு வந்திருக்கிறான் என்றான். இன்னொருவன் போன் வந்ததும் எழுந்து வெளியே போய்ப் பேசினான், அதனால் வேண்டாம். தாய் தகப்பன் இல்லாத பெண், ஏமாந்துவிடக் கூடாது என்று அவனுக்குப் பயம். தனம் அதுவரை ஒருமுறைகூட எதிர்த்துப் பேசியதில்லை. இந்தத் தடவை நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்.

“இவரத்தாண்ணா கட்டிக்குவேன். இவுரு இல்லன்னா யாரும் வாணாம்.”

பிறகென்ன, விசாரணை ஆரம்பமானது. ஷிப்ட் முடிந்து வந்தால் எங்கள் இருவருக்கும் அதே வேலை.

அவன் சொன்ன ஊர் அந்தமானில் இருந்தது. போர்ட் பிளேயர் என்றாலாவது கேள்விப்பட்டிருக்கிறோம். இது அங்கிருந்து வடக்கே ஒரு நாள் பஸ்ஸில் போய், அந்தப் பஸ்ஸையே படகில் ஏற்றி இறக்கி, அப்புறம் சின்ன எஞ்சின் படகில் ஓடைக்குள் நுழைந்து போகிற ஊராம். நூறு வீடு தேறாது. பெங்காலி, ராஞ்சிக்காரர், தெலுங்கர், நடுவில் தமிழ்க் குடும்பம் ஐந்து. எல்லாரும் பேசுவது இந்தி. வருஷத்தில் பாதிக்கு மேல் மழை. பாக்கும் தேங்காயும்தான் வெள்ளாமை. படகுத்துறையில் முதலை இருக்கிறது என்று போர்டு வைத்திருக்கிறார்களாம். அதற்குக் கீழேயே பெண்கள் துணி துவைப்பார்களாம், ஒருத்தி மட்டும் தண்ணீரைப் பார்த்தபடி நிற்பாளாம். அரிசி, கேஸ் சிலிண்டர், பேப்பர் எல்லாம் படகில் வர வேண்டும். கடல் கொந்தளித்தால் ஊரே கிழங்கைத் தின்றுகொண்டு கிடக்குமாம்.

“கல்யாணமெல்லாம் எப்படிப் பண்ணிக்குவீங்க?” என்று கேட்டேன்.

பிடித்தவரைப் பிடித்தவர் கட்டிக்கொள்வார்கள், முறை பார்க்கிற அளவுக்கு அங்கே ஏது சொந்தம் என்றான். அவன் அம்மாவே பெங்காலிதான். ராஜேந்திரன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

போனில் வீடியோ காட்டினான். பச்சைப் பசேலென்று தோப்பும், கட்டைக்கால் மேல் நிற்கிற வீடுகளும். கேரளாவில்கூட இப்படி இருக்கும் என்றான் ராஜேந்திரன். அம்மாவிடம் பேச வை என்றால், சிக்னல் படகுத்துறையில் மட்டும்தான் கிடைக்கும், அவள் அங்கே வந்தால்தான் உண்டு என்றான். வந்தாள். இந்தியில் நாலு வார்த்தை பேசுவதற்குள் லைன் அறுந்துபோனது. நேரில் போய்ப் பார்த்துவிடலாமே என்றேன். ராஜேந்திரன் பிச்சாவரத்துப் படகிலேயே வாந்தி எடுத்தவன். கப்பல் என்றதும் பேச்சை மாற்றிவிட்டான்.

பூர்வீகத்தையாவது சொல் என்றோம். அவன் அப்பாவைப் பெற்ற தாத்தா இந்தப் பக்கம்தானாம். காடு வெட்ட ஆள் பிடித்தபோது கப்பலேறியவர். ஊர்ப் பெயரே அவர் சொன்னதில்லையாம். ‘நம்ம ஊரு மண்ணுக்குள்ள போயிடுச்சு’ என்று மட்டும் சொல்வாராம். அதைக் கேட்டு எனக்கே சிரிப்பு வந்தது. சரிபார்க்க முடியாத ஊர் ஒன்று கடலுக்கு அப்பால்; இன்னொன்று, நெய்வேலியில் தோண்டி எடுத்த எத்தனையோ ஊர்களைப் போல, சுரங்கத்துக்குள். கெட்டிக்காரன்தான்.

அதைவிடச் சந்தேகம் அவன் பேச்சில். இந்தி பேசும் தீவிலிருந்து வந்தவன் தமிழ் பேசினால் திக்கித் திணற வேண்டாமா? இவன் ‘வூடு’ என்கிறான், ‘சொல்லிகினு’ என்கிறான். “இவன் விருத்தாசலம் பக்கம்டா. பொண்டாட்டி புள்ளைய வுட்டுட்டு வந்து கத வுடறான்” என்று ராஜேந்திரன் தீர்ப்பே எழுதிவிட்டான். சேத்தியாத்தோப்பு வரை ஆள் விட்டு விசாரித்தான். எதுவும் சிக்கவில்லை. சிக்காததால் சந்தேகம் இன்னும் கூடியது.

கடைசியாக, அந்தமான் பாக்கு வாங்கி விற்கிற ஒரு மண்டிக்காரரிடம் அவனைப் பண்ருட்டிக்கு இழுத்துக்கொண்டு போனோம். அவர் கேட்ட துறை, ஓடை, பாக்குச் சீசன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். மண்டிக்காரர் தலையாட்டினார். வெளியே வந்ததும் ராஜேந்திரன் என் காதில், “நல்லா மனப்பாடம் பண்ணிகினு வந்திருக்கான்” என்றான். எனக்கே ராஜேந்திரன்மேல் கோபம் வந்தது. தனம் இப்படியே மிஷின் முன்னாலேயே கிழவியாகிவிடுவாள் என்று பட்டது.

நல்ல வெயில். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நுங்கு வண்டி நின்றது. ராஜேந்திரன் வீட்டில் நுங்கு தொட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் எனக்கும் வைத்திலிங்கத்துக்கும் மட்டும் வாங்கி நீட்டினேன். அவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

“வாணாங்க. எங்க வூட்ல நுங்கு துன்னக்கூடாது.”

ஏன் என்றேன்.

“தெரியலைங்க. எங்க ஊர்ல பனமரமே கெடயாது. நுங்க இப்பத்தான் கண்ணாலயே பாக்கறேன். ஆனா தாத்தா சாவுற வரைக்கும் சொல்லிகினே இருந்தாரு. பன நம்ம சாமி மரம், அதுல காச்சத துன்னாதன்னு.”

ராஜேந்திரன் முகம் மாறிப்போனது. சாமிக்கு என்ன படைப்பீர்கள் என்று மெதுவாகக் கேட்டான். உப்பில்லாத சோறும் சுட்ட கருவாடும் என்றான் வைத்திலிங்கம். படைத்துவிட்டு? திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடக்க வேண்டும் என்றான்.

ஒத்தப்பனை ஐயா ராஜேந்திரனின் குலதெய்வம். அவருக்கும் இதே படையல்தான். ஐயா இருந்த ஊர் சுரங்கத்துக்குப் போனபோது, பங்காளிகள் ஆளுக்கொரு செங்கல்லை எடுத்துவந்து முத்தாண்டிக்குப்பத்தில் நட்டுக் கும்பிடுகிறார்கள். அவன் தாத்தாவின் தம்பி ஒருவர் காடு வெட்டப் போய்த் தகவலே இல்லாமல் போனார் என்பது அந்தக் குடும்பத்துப் பழைய கதை. அவருக்கும் ஒரு செங்கல் அங்கே நிற்கிறது.

“டேய், நீ எங்க சின்ன தாத்தா வூட்டுப் புள்ளடா” என்று அத்தனை ஜனத்துக்கு நடுவில் ராஜேந்திரன் அவனைக் கட்டிக்கொண்டு அழுதான். சொந்தம் என்று ஒன்றையே அறியாமல் வளர்ந்தவனும் சேர்ந்து அழுதான். இனிமேல் சார் கிடையாது, அண்ணன் என்று கூப்பிடு என்றான் ராஜேந்திரன். சரிண்ணா என்றான் இவன். வைத்திலிங்கம் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அவனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

“அப்ப தனம்?” என்றேன்.

“தங்கச்சி. பங்காளியில பொண்ணு குடுப்பாங்களா?” என்றான் ராஜேந்திரன், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

வைத்திலிங்கம் அங்கேயே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டான். அவனைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றினோம். வழிநெடுக ராஜேந்திரன் ஒருவன்தான் பேசிக்கொண்டு வந்தான்.

வராந்தாவில் ஏறியதும் அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் தனத்திடம் சொன்னான். நம்ம ரத்தம், உனக்கு அண்ணன் முறை, போய் டீ போடு என்றான். மிஷின் நின்றது. தனம் வைத்திலிங்கத்தைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் அண்ணனிடம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

“எத்தினி பேர நம்பாம தொரத்தினண்ணா. இவர மட்டும் ஏண்ணா நம்பின?”