கையுறையைக் கழற்றிய நேரம் 12.52

கதை விடுகிறாள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். இது நடந்தது. நடு ராத்திரியில் அல்ல, பட்டப்பகலில். நேரங்களை அன்றே எழுதி வைத்துவிட்டேன்.

விமான எஞ்சின் பாகங்களுக்குப் பீங்கான் பூச்சு அடிப்பது எங்கள் வேலை. பிளாஸ்மா துப்பாக்கியின் சுவாலையில் வெள்ளைப் பொடியை உருக்கி உலோகத்தின் மேல் அடிப்போம். அது இருந்தால்தான் உலோகம் சூட்டுக்குத் தப்பும். அதற்கு முன் மணல் போன்ற கரடுமுரடான துகளை வேகமாக அடித்து உலோகத்தைச் சொரசொரப்பாக்க வேண்டும். அதன்பின் வெறும் கை படவே கூடாது. விரலின் வியர்வைப் பிசுக்கு பட்ட இடம் சூடு தாங்குகிறதா என்று சோதிக்கும் உலையில் உரிந்து வந்துவிடும்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா மூட்டை தூக்குகிறவர். என்னோடு பூச்சு அடிக்கும் அவளோ எஞ்சினியர் வீட்டுப் பெண். போர்மேன் அவளுக்கு வைத்த பட்டம் 'தங்கக்கை'. அவள் அடித்த பூச்சு உரிந்ததே இல்லையாம். அவள் சிரித்தாலே எனக்கு வயிறு எரியும். வலது கட்டைவிரலின் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. அதைக்கூட மெடல் மாதிரி காட்டுவாள்.

சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியானது. நானும் அவளும் ஆளுக்கொரு தகட்டுக்குப் பூச்சு அடிக்க வேண்டும். யாருடையது உலையில் நிற்கிறதோ அவளுக்குப் பதவி. அப்பா அதற்குள் எனக்கே கிடைத்துவிட்டதாகத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

மதியம் 12.40. அவள் தன் தகட்டுக்குத் துகள் அடித்து, கவரில் போட்டு, மேஜையில் வைத்தாள்.

"வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்டுட்டு வந்துடறேன். இதைப் பாத்துக்கோடி."

"ஏன், ஓடியா போயிடும்?"

"உன்னை நம்பித்தான் வெச்சுட்டுப் போறேன்."

ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்தது. மற்றவர்கள் மாடியில், மீட்டிங்கில்.

12.52. கையுறையைக் கழற்றினேன். அவள் தகட்டின் நடுவில் என் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். கவரை மூடினேன்.

ஆமாம். செய்தேன்.

1.50. என் தகட்டுக்குத் துகள் அடித்தேன். கையுறையோடு எடுத்துக் கவரில் போட்டு ஒட்டினேன்.

2.04. உஸ்ஸ்ஸ்ஸ்...

பூச்சு அறைக்குள் துப்பாக்கி இரைந்தது. கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு. இவள் எப்போது வந்தாள்? ஸ்கூட்டர் சத்தமே கேட்கவில்லையே...

கதவின் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முழு உடுப்பில், முதுகைக் காட்டி நின்று, தன் தகட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தாள். அதே அலட்சியமான தோள்.

அப்போதுதான் கவனித்தேன். அவளுடைய காதடைப்பான் வெளியே ஆணியில் தொங்கியது. அந்த இரைச்சலில் காதை மூடாமல் ஒரு நிமிடம் நிற்க முடியாது.

குடுவையில் பொடி... குறையவே இல்லை.

வலது கையில் கையுறை இல்லை.

திரும்பினாள்.

முகமூடிக்குள் இருட்டு. கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினாள்.

2.11. சத்தம் நின்றது.

கதவைத் திறந்தேன்.

யாருமில்லை.

தாங்கியில் தகடு. வெள்ளை வெளேரென்று பூச்சு. அடித்து முடித்த தகடு கை வைக்க முடியாமல் கொதிக்க வேண்டும்.

சில்லென்று இருந்தது...

மேஜைக்கு ஓடினேன். என் கவரின் வாய் திறந்து கிடந்தது. நான்தான் சரியாக ஒட்டவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பயம் ஒரு பக்கம், பதவி ஒரு பக்கம். 2.30க்கு என் தகட்டுக்கும் அடித்து முடித்தேன்.

3.05. போர்மேன் போனும் கையுமாக இறங்கி வந்தார்.

"தங்கக்கை போயிட்டாம்மா. லாரி."

"எப்போ சார்?"

"ஒரு மணிக்கே. அவங்கப்பா இப்பதான் கூப்பிட்டாரு." தாங்கியைப் பார்த்தார். "அவ தகட்டையும் நீயே அடிச்சு வெச்சியா? நல்ல மனசும்மா உனக்கு."



பத்து நாள் கழித்து உலையைத் திறந்தார்கள். அவள் தகட்டில் ஒரு பொட்டுகூட உரியவில்லை. செத்த பிறகும் அவள் பூச்சுதான் நின்றது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

என் தகட்டில் நடுவில் ஓரிடம் உரிந்திருந்தது. வேறு ஆள் இல்லாததால் பதவி மட்டும் எனக்கே வந்தது.

போர்மேன் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார்.

"வெறுங்கையில தொட்டியா? கட்டைவிரல் அச்சு மாதிரியே இருக்கே."

குனிந்து பார்த்தேன். விரல் வடிவத்தில் உரிந்திருந்தது. நடுவில், குறுக்காக, ஒரு கோடு மட்டும் உரியாமல் நின்றது. தழும்பில் வியர்வை சுரக்காது.

என் கட்டைவிரலில் தழும்பு கிடையாது.