நீளமான பட்டம் போட்ட பலகை

பாகூரில் தனியாளாக நின்று மூன்று ரைஸ்மில் கட்டியவன் நான். படிக்க மட்டும் தெரியாது. அதை வெளியே காட்டிக்கொண்டதில்லை.

மனைவிக்கு நெஞ்சுவலி வந்ததும், வாரம் ஒருநாள் வில்லியனூர் வரும் இதய டாக்டரைத் தேடி ஜீப்பை ஓட்டினேன். யாரிடமும் விசாரிக்காமல், பட்டம் நீளமாக எழுதிய பலகையைப் பார்த்து நுழைந்தேன். அரைமணி காத்திருந்தோம்.

"இன்னா பெரியவரே, இது கண் டாக்டரு. இதய டாக்டரு அடுத்த தெரு. இந்நேரம் கெளம்பியிருப்பாரு" என்றார் கம்பவுண்டர்.

ஓடினேன். அங்கே கதவு பூட்டியிருந்தது.

பாண்டிக்கு விரட்டும்போது, ஐந்தாவது வரை படித்த அவளிடம் கேட்டேன்: "பலகைய நீ படிக்கலையாடி?"

"படிச்சேன். நாலு பேரு எதிர்ல உங்களுக்கு அசிங்கமா பூடுமேன்னு சொல்லல."

மூலக்குளம் தாண்டும்போது என் தோளில் சாய்ந்திருந்த தலை கனத்தது. கூப்பிட்டேன்; பதில் இல்லை.

இதை நான் சொல்லச் சொல்ல, மகள்தான் எழுதுகிறாள்.