சரஸ்வதிக்கு வைத்த கார்ச் சாவி

வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடியின் மின்தூக்கிக்குள் ஏறினால் யாரும் உங்களிடம் சுகமா என்று கேட்கமாட்டார்கள். "பிள்ளையை எங்க விட்டிருக்கிறீங்கள்?" என்றுதான் கேட்பார்கள். ஏதோ பிள்ளையைத் தொலைத்துவிட்டு வந்தவர்போல முதல்முறை நான் திடுக்கிட்டேன். அவர்கள் கேட்டது நடனத்துக்கு எங்கே, வயலினுக்கு எங்கே, நீச்சலுக்கு எங்கே என்பதைத்தான். "ஒரு இடத்திலயும் விடேல்ல, வீட்டிலதான் நிக்கிறா" என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நினைத்து இரக்கத்தோடு பார்ப்பார்கள்.

எனக்கு அந்த இரக்கம் பிடிக்காது. அதனால் நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு வயலின் கொட்டாஞ்சேனையில், நீச்சல் கல்கிசையில், நடனம் பக்கத்து ஒழுங்கையில், பேச்சுச் சிங்களம் கீழ் மாடியில். கொழும்பின் வடக்கு மூலையிலிருந்து தெற்கு மூலைவரை காலி வீதியின் அத்தனை நெரிசலையும் அந்தப் பிள்ளை காரின் பின் சீற்றில் இருந்தே பார்த்து வளர்ந்திருக்கிறாள். பள்ளிச் சீருடையைக் கழற்றுவதும், இடியப்பம் சாப்பிடுவதும், வீட்டுப்பாடம் செய்வதும் அங்கேதான். ஒருநாள் பைகள் மாறிப்போய், நீச்சல் தடாகத்தில் சலங்கை வெளியே வந்தது. நடன ஆசிரியையின் வீட்டில் நீச்சல் கண்ணாடி வெளியே வந்தபோது, "இது எந்தப் பாணி?" என்று அவர் கேட்டாராம்.

கணவரும் நானும் கோட்டைப் பக்கம் வெவ்வேறு அலுவலகங்களில் வேலை செய்கிறோம். வார நாட்களில் நாங்கள் சந்திப்பது பெரும்பாலும் பம்பலப்பிட்டியில், பிள்ளையைக் கைமாற்றும் இடத்தில். "சாப்பிட்டிட்டாள். வயலின் வில்லு பைக்குள்ள இருக்கு. நீர் போம்" என்பார் அவர். கலியாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகு எங்களுக்குள் எஞ்சியிருக்கும் காதல் வசனம் அதுதான்.

வகுப்புகளைப் பற்றி மகள் முறைப்பாடு சொன்னதில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அம்மா, மூண்டு பேரும் ஒருநாள் கடற்கரைக்குப் போவமா? உங்களுக்கு ஒண்டு காட்டவேணும்."

"இஞ்சயே காட்டன்."

"இஞ்ச ஏலாது. மேசை, கதிரை எல்லாம் தட்டும்."

கடல் எங்கள் ஒழுங்கையின் முடிவில்தான் இருக்கிறது. மெரைன் டிரைவைக் கடந்து தண்டவாளத்தைத் தாண்டினால் மணல். படுக்கையறை யன்னலில் நின்றாலே அலைச் சத்தம் கேட்கும். ஆனாலும் போக முடியவில்லை. வயலின் சோதனை முடியட்டும் என்றேன். பிறகு நடன நிகழ்ச்சி முடியட்டும் என்றேன். பிறகு என் அலுவலகத்தில் ஒரு வேலை கழுத்தை நெரித்தது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் "ஓம் குஞ்சு, கட்டாயம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அப்படியே நவராத்திரி வந்தது. சரஸ்வதி பூசை சனிக்கிழமை. சனி பின்னேரம் கல்கிசையில் நீச்சல்.

என் கணவர் மற்ற நாட்களில் சாமிப் படத்தைத் திரும்பியும் பார்க்காதவர். நவராத்திரி வந்தால் மட்டும் எங்கிருந்தோ ஒரு பெரிய ஆசாரம் அவருக்குள் புகுந்துவிடும். சரஸ்வதிக்கு முன்னால் புத்தகம், வாத்தியம் எல்லாம் வைத்துவிட்டால் விஜயதசமி காலையில்தான் எடுக்கலாம் என்ற வழக்கத்தில் அவர் ஒரு நீதவானைப்போல் நிற்பார். போன வருடம் மகள் நிறம் தீட்ட ஒரு பென்சிலை உருவப் பார்த்தபோது அவர் செய்த பிரசங்கம் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

இந்த வருடம் வெள்ளிக்கிழமையே மகள் அவரிடம் போனாள்.

"அப்பா, சாமிக்கு வைச்சதை நாளண்டைக்குக் காலமை வரைக்கும் ஒருத்தரும் எடுக்கேலாதோ?"

"ஒருத்தரும் எடுக்கேலாது."

"நீங்களும்?"

"நானுந்தான். சாமிக்கு வைச்சது வைச்சதுதான்."

நான் சமையலறையில் கடலையை ஊறப் போட்டுக்கொண்டு, பிள்ளைக்கு என்ன பக்தி என்று பூரித்துப்போனேன்.

சனிக்கிழமை மத்தியானம் பூசை மேடையை அலங்கரிக்கும் வேலையை அவளிடம் விட்டோம். நாங்கள் குளித்து வந்தபோது மேடை மிக அழகாக இருந்தது. சரஸ்வதி படத்துக்கு மாலை. முன்னால் ஒரு பலகை. அதன்மேல் அடுக்கியதையெல்லாம் என் பழைய பட்டுச்சேலையால் மூடி, மேலே பூவும் தூவியிருந்தாள். வயலினின் கழுத்து மட்டும் வெளியே தெரிந்தது. புத்தகங்கள் கொஞ்சம் அதிகம் போல என்று நினைத்தேன். அவலும் சுண்டலும் படைத்தோம். கணவர் கண்ணை மூடிக்கொண்டு சுருதி சேராமல் பாடினார். கற்பூரம் காட்டும் நேரத்தில் பட்டுச்சேலைக்கு அடியிலிருந்து போன் அடித்தது.

முதலில் எனக்கு விளங்கவில்லை. என் போன் அறையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். சேலை அதிர்ந்தது. பூக்கள் உருண்டன. நான் கையை நீட்டினேன்.

"அம்மா, தொடக்கூடாது" என்றாள் மகள்.

கணவர் கற்பூரத் தட்டோடு நின்றபடியே சேலையின் ஒரு நுனியைத் தூக்கிப் பார்த்தார். என் போன், அவருடைய போன், எங்கள் இருவரின் மடிகணினிகள், சலங்கை, நீச்சல் உடுப்பு, நீச்சல் கண்ணாடி, கார்ச் சாவி. ஒவ்வொன்றிலும் பக்குவமாக ஒரு சந்தனப் பொட்டு.

"நீச்சல் என்ன கலையா?" என்று கேட்டார்.

"படிக்கிறதுதானே அப்பா."

"போன்?"

"நீங்கள் ரெண்டு பேரும் வேலை செய்யிற சாமான் அதுதானே."

"சரி. கார்ச் சாவி என்னத்துக்கு?"

"அது இல்லாமல் நான் ஒரு வகுப்புக்கும் போறேல்லையே."

கணவர் என்னைப் பார்த்தார். நான் சரஸ்வதியைப் பார்த்தேன். போன் மறுபடியும் அடித்தது. நிச்சயம் அலுவலகம்தான். அந்தச் சத்தத்துக்கு என் கை தானாக எழும்புவதை நானே பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. கோபத்தைக் கணவரின் தலையில் கட்டலாம் என்று, "இஞ்சருங்கோ, நீங்களே சொல்லுங்கோ, எடுக்கலாமோ எண்டு" என்றேன்.

அவர் கௌரவத்தைக் காப்பாற்றுவதா, காரைக் காப்பாற்றுவதா என்று கொஞ்ச நேரம் தவித்தார். கடைசியில், "வைச்சது வைச்சதுதான்" என்றார். குரல் முதல்நாள் இருந்த அளவுக்கு இல்லை.

"நீச்சல் பழக்கிற சேருக்கு ஆர் சொல்லுறது? அவர் பார்த்துக்கொண்டு நிப்பார்" என்றேன்.

"போன கிழமையே சொல்லிட்டன். சிங்களத்தில சொன்னனான், வீட்டில பூசை, வரமாட்டன் எண்டு. அவர் கும்பிட்டுட்டு, சரி எண்டவர்."

பேச்சுச் சிங்கள வகுப்புக்கு அனுப்பியது வீண்போகவில்லை.

அப்படித்தான் அன்று பின்னேரம் மூன்று பேரும் கையை வீசிக்கொண்டு வீட்டைவிட்டு இறங்கினோம். மின்தூக்கியில் வந்த பக்கத்து வீட்டுப் பெண், "எந்த வகுப்புக்கு?" என்று கேட்டார். "கடற்கரைக்கு" என்று மகளே சொன்னாள். அந்த வகுப்பை யார் நடத்துகிறார் என்று அவர் கேட்பதற்குள் கதவு திறந்துவிட்டது.

தண்டவாளத்தைத் தாண்டி மணலில் இறங்கியதும் அவள் செருப்பைக் கழற்றி என்னிடம் தந்தாள். "இப்ப பாருங்கோ" என்றாள். கொஞ்சத் தூரம் ஓடிப்போய் இரண்டு கையையும் மணலில் ஊன்றி, காலை மேலே தூக்கி, சில்லுப்போலச் சுழன்று எழுந்து நின்றாள். அவர்களுடைய பள்ளிக்கூடத்தில் அதற்குக் 'கார்ட்வீல்' என்று பெயர். இடைவேளையில் தானாகவே பழகியதாம். வகுப்புமில்லை, ஆசிரியருமில்லை.

"பார்த்தனீங்களா?"

"பார்த்தன் குஞ்சு, நல்லா இருக்கு."

"எந்தக் கால் முதல்ல கீழ வந்தது?"

அலுவலகத்திலிருந்து போனில் கூப்பிட்டது யாராக இருக்கும் என்று யோசித்துக்கொண்டு நின்ற நான் வசமாக மாட்டினேன். என் கணவரோ வீடியோ எடுக்க வெறும் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நின்றார். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"இன்னொருக்கா செய்யம்மா. இந்தமுறை சொல்லுறன்" என்றேன்.

செய்தாள். இடது கால். முதலில் இடது கால்தான் வந்தது. சொன்னேன். அவள் சிரித்தாள். பிறகு இருட்டும்வரை செய்தாள். நாங்கள் மணலில் உட்கார்ந்து ஒவ்வொரு முறையும் எந்தக் கால் என்று சொன்னோம். அவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு பின்னேரம் முழுக்க ஒரே இடத்தில் இருந்து வெகுகாலமாகிவிட்டது.

மறுநாள் விஜயதசமி. சாமிக்கு வைத்ததையெல்லாம் எடுத்து மீண்டும் தொடங்கும் நாள். அவள் குளித்துவிட்டு வந்து வயலினை எடுத்து ஒரு கீர்த்தனையின் முதல் வரியை வாசித்தாள். சலங்கையைக் கட்டி ஒரு அடவு ஆடினாள். அப்பாவிடம் கார்ச் சாவியைக் கொடுத்தாள். என் போனைக் கையில் எடுத்தவள், தராமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"நீங்கள் இண்டைக்கு என்ன தொடங்கப்போறீங்கள் அம்மா?"

"நான் என்னத்தைத் தொடங்கிறது, இந்த வயசில?"

"நான் பழக்கிறன்" என்றாள்.

இப்போது எனக்கும் ஒரு வகுப்பு இருக்கிறது. ஞாயிறு பின்னேரம், கடற்கரையில். ஆசிரியை மிகக் கண்டிப்பு. போனை வாங்கித் தன் பைக்குள் வைத்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவார். முதல்நாள் கையை ஊன்றிக் காலைத் தூக்கியதும் நான் ஒரு மூட்டையைப்போல மணலில் விழுந்தேன். கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். தண்டவாளத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

"எந்தக் கால் முதல்ல வந்தது?" என்று வாய்க்குள் போன மணலைத் துப்பிக்கொண்டே கேட்டேன்.

"ரெண்டும் வரேல்ல அம்மா, தலைதான் வந்தது" என்றாள். அவள் ஒரு கணம்கூட வேறு பக்கம் பார்க்கவில்லை.